பாறையைப் பின்னாலிருந்து படிப்பது எப்படி: சிதைவு, தகைவு, உருமாற்றம் – ஒரு முழுமையான களவழிகாட்டி

ஒரு பாறை முதலில் எரிமலைக் குழம்பாகவோ கடலடிச் சேறாகவோ இருந்திருக்கும். பிறகு ஆழத்தில் புதைந்து, சூடேறி, அழுந்தி, அதற்குள் புதுக் கனிமங்கள் வளர்ந்திருக்கும். மேலே ஏறும் வழியில் குளிர்ந்து, விறைத்து, வெடித்திருக்கும். கடைசியாக மழையும் காற்றும் அதன் தோலை அரித்திருக்கும். நாம் கையில் எடுக்கும்போது இத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கடைசியில் நடந்தது மேலே இருக்கும், முதலில் நடந்தது அடியில் மறைந்திருக்கும்.

களத்தில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. பிந்திய நிகழ்வின் தடத்தை முந்திய நிகழ்வின் தடமாக எடுத்துக்கொள்கிறோம். துருக்கறை வளையங்களைப் படிவு அடுக்குகள் என்று எழுதிவைப்பதும், குவாரி வெடியில் வந்த கீறலை மலையாக்கத்தின் கணக்கில் சேர்ப்பதும் இந்த வகைதான். அதனால் வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் சிதைவைக் கழிக்க வேண்டும். அடுத்து முறிவுகளையும், அதற்கடுத்து வளைவுகளையும் பிரித்தெடுக்க வேண்டும். பிறகுதான் கனிமங்கள், கடைசியில் மூலப்பாறை.

தேவையான கருவிகள்

ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான புவியியல் சுத்தியல், கண்ணாடிக் கவசம், பத்து மடங்கு கைலென்ஸ், எஃகுக் கத்தி, செம்புக் காசு, கிளினோமீட்டர் (சாய்வுக்கோணம் அளக்கும் கருவி) உள்ள திசைகாட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள சொட்டுக்குப்பி, தண்ணீர், அழியாத மை, பைகள். இவ்வளவு போதும். அமிலத்தை நீங்களே நீர்க்கவைத்தால் தண்ணீர் ஒன்பது பங்கு, செறிவான அமிலம் ஒரு பங்கு. எப்போதும் தண்ணீருக்குள்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் சூட்டில் தெறிக்கும்.

லென்ஸைப் பாறைக்கு அருகில் பிடித்துத் தலையைத் தள்ளி வைத்துக்கொண்டு பார்ப்பவர்கள் அதிகம். லென்ஸ் கண்ணை ஒட்டியே இருக்கட்டும். பாறையை அதை நோக்கிக் கொண்டுவாருங்கள், வெயில் பாறையின்மேல் விழட்டும். சுத்தியலால் இன்னொரு சுத்தியலை அடிக்க வேண்டாம், எஃகுச் சில்லு கண்ணுக்குத்தான் வரும். பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியில்லாமல் உடைக்கவும் கூடாது.

படி 1: தோலையும் உள்ளையும் பிரித்தறிதல்

வெளிப்புறத்தைப் பார்த்துப் பாறைக்குப் பெயர் வைக்காதீர்கள். பாலைவனங்களில் வெளிர்நிறப் பாறையின்மேல் இரும்பும் மாங்கனீசும் களிமண்ணும் சேர்ந்த கருமையான மெல்லிய பூச்சு படிந்திருக்கும். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான், ஆனால் முழு மலையையும் கருநிற எரிமலைப் பாறையான பசால்ட் போலக் காட்டிவிடும். ஈரமான இடங்களில் பாசியும் பூஞ்சையும் அதே வேலையைச் செய்யும்.

பாறையின் தட்டையான முகத்தில் செங்குத்தாக அடித்து உடைத்தெடுங்கள். உடைந்த முகத்தில் வெளியிலிருந்து உள்நோக்கி நிறம் எங்கே மாறுகிறது என்று பாருங்கள். அந்த நிறம் மாறிய வளையம்தான் சிதைவுத்தோல். அதன் தடிமனை முகத்தின் நடுவில் அளக்க வேண்டும், மூலையில் அளக்கக் கூடாது. ஒரு முகத்தின் நடுவுக்குத் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது. விளிம்புக்கு இரண்டு பக்கத்திலிருந்தும், மூலைக்கு மூன்று பக்கத்திலிருந்தும் வருகிறது. அதனால் மூலைகள் வேகமாகக் கரைந்து, சதுரப் பாளமாக இருந்தது உருண்டையாகிவிடும். மலைச்சரிவில் அடுக்கி வைத்ததுபோல் நிற்கும் பெரிய உருண்டைக் கற்கள் ஆற்றில் உருண்டு வந்தவை என்று நினைப்பது பழைய தவறு. அவற்றில் பெரும்பாலானவை நின்ற இடத்திலேயே மூலை தேய்ந்தவை. ஒன்றைச் சுற்றிலும் வெங்காயச் சருகுபோல் உரியும் அடுக்குகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இப்போது உடைந்த முகத்தை லென்ஸில் பாருங்கள். கிரானைட் கிடைத்தால் நல்லது, சிதைவின் எல்லாக் கட்டங்களும் அதில் ஒரே கையளவுக்குள் தெரியும். அதிலுள்ள வெளிர்நிறக் கனிமமான ஃபெல்ஸ்பார் புதியதாக இருந்தால், திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது ஒரு கோணத்தில் கண்ணாடிச் சில்லு மாதிரி பளிச்சென்று மின்னும். அது அதன் பிளவுத்தளம், படிகம் நேராக உடையும் முகம். சிதைவு தொடங்கியதும் முதலில் போவது இந்த மின்னல்தான். பிறகு மணி பால்நிறமாக மங்கும், கத்தி முனை அதில் இறங்கும். இன்னும் போனால் நகமே கீறும், விரலில் மாவு ஒட்டும். அந்த மாவு பெரும்பாலும் கயோலினைட் களிமண். பக்கத்தில் இருக்கும் குவார்ட்ஸ் மணி இத்தனை நேரமும் சாம்பல்நிறக் கண்ணாடியாக அப்படியே இருக்கும். பயோடைட் மைக்காவோ கருமை போய்ப் பழுப்பாகி, பிறகு தங்க நிறமாகும். ஆற்றுமணலில் இதைப் பார்த்துத் தங்கம் என்று ஏமாந்தவர்கள் உண்டு. கத்தி முனையால் குத்துங்கள். மைக்கா தகடாக உரியும், தங்கம் நசுங்கும்.

இது ஏன் நடக்கிறது? மழைநீர் காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு வருவதால் மாசில்லாத இடத்திலும் அதன் பிஎச் 5.6 அளவில் இருக்கும். அதாவது லேசான அமிலம். அது ஃபெல்ஸ்பாரிலிருந்து பொட்டாசியம், சோடியம், கால்சியத்தை வெளியேற்றிவிட்டு, மிஞ்சிய அலுமினியத்தையும் சிலிக்காவையும் களிமண்ணாக மாற்றுகிறது. எந்தக் கனிமம் முதலில் அழியும் என்பதற்கு 1938-ல் புவியியலாளர் கோல்டிச் ஒரு வரிசை தந்தார். ஆலிவின் முதலில் போகும். பிறகு பைராக்சின், ஆம்பிபோல், பயோடைட் என்று போய், பொட்டாஷ் ஃபெல்ஸ்பாரும் வெண்மைக்காவும் பின்தங்கி, குவார்ட்ஸ் கடைசியில் நிற்கும். குழம்பு குளிரும்போது எது அதிக வெப்பத்தில் படிகமானதோ அதுதான் மேற்பரப்பில் முதலில் கெடுகிறது. பிறந்த சூழலிலிருந்து அது அவ்வளவு தூரம் விலகி வந்துவிட்டது. கடற்கரை மணலில் குவார்ட்ஸ் மிகுந்திருப்பதற்கும் இதுவே காரணம்.

இயற்பியல் சிதைவு வேறு வகைத் தடங்களைவிடும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருக்கிறது, அதனால் கல் உடைகிறது என்று பாடப்புத்தகம் சொல்வது பாதி உண்மை. திறந்த வெடிப்பில் பனி வெளியே பிதுங்கிவிடும். உறைநிலைக்குச் சில டிகிரி கீழே நீண்ட நேரம் நிற்கும் பாறையில், உள்ளே வளரும் பனிப்படிகம் சுற்றியிருக்கும் நுண்துளை நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டே தடிக்கிறது. அதிகச் சேதம் அங்கேதான். கடலோரத்தில் உப்புப் படிகங்கள் இதே வேலையைச் செய்து பாறை முகத்தைத் தேன்கூடுபோல் துளைத்துவிடும்.

இந்தக் கட்டத்தில் ஏமாற்றும் நான்கு விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இரும்புக்கறை வளையங்கள்: மணற்பாறையில் பழுப்பும் மஞ்சளுமாக அழகான பட்டைகள் ஓடும். அவை படிவு அடுக்கா என்று பார்க்க, மணியின் பருமன் பட்டைக்குப் பட்டை மாறுகிறதா என்று லென்ஸில் பாருங்கள். மணி மாறாமல் நிறம் மட்டும் மாறினால் அது பின்னால் ஊறிய இரும்பு. வெடிப்பைச் சுற்றி வளைந்து போனாலும் அப்படியே.

மாங்கனீசுக் கிளைகள்: வெடிப்பு முகத்தில் பெரணிச்செடி போலப் பரவியிருக்கும் கருங்கோடுகள் தாவரப் புதைபடிவம் கிடையாது. நடுநரம்பு இருக்காது, தடிமனும் இருக்காது.

சுண்ணப்பூச்சு: வறண்ட நிலத்தில் எந்தப் பாறைமேலும் சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் படியும். கிரானைட்மேல் அமிலம் விட்டு நுரைத்ததும் சுண்ணாம்புப் பாறை என்று எழுதிவிடுவார்கள். அமிலச் சோதனை எப்போதும் புதிதாக உடைத்த முகத்தில்தான்.

துருக்குழிகள்: மைக்காத் தகடுகள் நிறைந்த சிஸ்ட் பாறையின் வெளிமுகத்தில் வரிசையாகச் சிறு பழுப்புக் குழிகள் இருந்தால் கழித்துவிடாதீர்கள். உள்ளே உடைத்தால் கார்னெட் என்ற சிவப்புக் கனிமம் இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 2: சிதைவின் தரத்தைப் பதிவுசெய்தல்

பொறியியல் புவியியலில் I முதல் VI வரை ஆறு தரங்கள் பயன்படுகின்றன. I புதியது. II-ல் நிறம் மட்டும் மாறியிருக்கும். III-ல் பாதிக்கும் குறைவான பங்கு மண்ணாகியிருக்கும், IV-ல் பாதிக்கு மேல். V-ல் முழுவதும் மண்ணாகியும் பழைய பாறையின் அமைப்பு அப்படியே தெரியும். VI-ல் அமைப்பும் அழிந்துவிடும்.

IV-க்கும் V-க்கும் இடையில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். அதற்கு ஒரு எளிய வழி: கைப்பிடி அளவு துண்டை வாளித் தண்ணீரில் போடுங்கள். V தரம் தானாகக் கரைந்து குவியலாகும். IV கையால் உடைத்தால் உடையும், ஆனால் தண்ணீரில் எளிதில் கரையாது.

வலிமையைச் சுத்தியலே சொல்லும். ஒரே அழுத்தமான அடியில் உடைந்து, கத்தியால் சீவ முடியாமல் இருந்தால் அழுத்த வலிமை 25 முதல் 50 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). ஒன்றுக்கு மேற்பட்ட அடி கேட்டால் 50 முதல் 100. பல அடிகள் வாங்கினால் 100 முதல் 250. சில்லு மட்டும் தெறித்தால் 250-க்கு மேல். கத்தியால் சிரமப்பட்டுச் சீவ முடிந்தால் 5 முதல் 25. கையில் இருக்கும் துண்டை அடிப்பதா நிலத்தில் பதிந்ததை அடிப்பதா என்பது முடிவை மாற்றும் என்பதால், எதை அடித்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

படி 3: முறிவுகளை வயதுவாரியாகப் பிரித்தல்

சிதைவைக் கழித்தபின் பாறையில் மிஞ்சுவது வெடிப்புகள். இவை எல்லாம் ஒரே காலத்தவை அல்ல.

குவாரியோ சாலை வெட்டோ என்றால் முதலில் வெடித்துளைகளின் அரைக்குழாய்த் தடங்களைத் தேடுங்கள். அவற்றிலிருந்து விரிந்து செல்லும் புதிய, கறையில்லாத வெடிப்புகளை ஒதுக்கிவிடுங்கள். அடுத்து, நிலமேற்பரப்பின் வளைவையே பின்பற்றி ஓடும் வெடிப்புகள். மேலிருந்த சுமை அரிபட்டுப் போனதால் பாறை விரிந்து உண்டானவை இவை. மேலே நெருக்கமாகவும் கீழே போகப்போக அகலமாகவும் இடைவெளி இருக்கும். இவற்றை ஆழத்து விசைகளோடு சேர்த்து அளந்தால் முழுக் கணக்கும் கெடும்.

மிஞ்சியவற்றில் இரண்டு வகை. பக்கங்கள் விலகியும் நழுவாதவை ஜாயின்ட்கள். நழுவியவை பிளவுப்பெயர்ச்சிகள். வெடிப்பைக் குறுக்கே கடக்கும் ஏதாவது ஒரு கோட்டை, ஒரு குவார்ட்ஸ் நரம்பையோ படிவு அடுக்கையோ தேடுங்கள். இருபக்கமும் நேராகத் தொடர்ந்தால் ஜாயின்ட், கோடு அங்கே இடம்மாறி நின்றால் பெயர்ச்சி. ஜாயின்ட் முகத்தில் சாய்வெயிலில் பறவை இறகு போன்ற மெல்லிய கோடுகள் தெரியலாம். அவை ஒன்றுகூடும் இடம்தான் வெடிப்பு தொடங்கிய புள்ளி.

பாறைக்கு இழுவிசையைத் தாங்கும் திறன் அழுத்தத்தைத் தாங்கும் திறனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அதனால்தான் மேலோட்டில் ஜாயின்ட்கள் இவ்வளவு அதிகம். அழுத்தத்தில் உடையும்போது பாறை ஒன்றையொன்று வெட்டும் இரட்டைத் தளங்களில் நழுவும். அவற்றுக்கிடையே உள்ள குறுங்கோணம் சுமார் 60 டிகிரி. அந்தக் கோணத்தைச் சரிபாதியாக்கும் கோடு அதிகபட்சத் தகைவின், அதாவது பாறையை மிக வலுவாக அழுத்தும் விசையின், திசை. நிலமேற்பரப்பில் வெட்டுவிசை இருக்க முடியாததால் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருக்கும் மூன்று முதன்மைத் தகைவுகளில் ஒன்று செங்குத்தாகவே நிற்கும் என்று புவியியலாளர் ஆண்டர்சன் காட்டினார். அதிகபட்சத் தகைவு செங்குத்தாக இருந்தால் சுமார் 60 டிகிரி சாய்ந்த இயல்புப் பெயர்ச்சி (தளத்தின் மேலுள்ள பாளம் கீழிறங்கும்). குறைந்தபட்சம் செங்குத்தாக இருந்தால் சுமார் 30 டிகிரி சாய்ந்த உந்துப் பெயர்ச்சி (மேலுள்ள பாளம் மேலேறும்). இடைப்பட்டது செங்குத்தாக இருந்தால் பக்கவாட்டில் நழுவும் செங்குத்துத் தளம். களத்தில் 45 டிகிரி சாய்வு கிடைத்தால் குழம்ப வேண்டாம். பழைய பலவீனத் தளம் மறுபடி நழுவியிருக்கலாம், அல்லது முழு நிலமும் பின்னர் சாய்ந்திருக்கலாம்.

பெயர்ச்சி முகத்தில் பளபளப்பும் இணைக்கோடுகளும் இருக்கும். கோடுகள் ஓடும் திசையில்தான் நழுவல் நடந்தது. எந்தப் பக்கமாக நழுவியது என்று அறிய, கோடுகளின் வழியே விரலை ஓட்டுங்கள். கால்சைட் அல்லது குவார்ட்ஸ் நார்கள் வளர்ந்த படிகள் இருந்தால், கை வழுவழுப்பாக இறங்கும் திசையில் காணாமல்போன பாறைப் பக்கம் நகர்ந்திருக்கும். நார்ப்படிகள் இல்லாமல் வெறும் தேய்ப்புப் படிகள் மட்டும் இருந்தால் இந்த முறையை நம்பாதீர்கள். இந்தக் கோடுகள் கடைசி நழுவலை மட்டுமே காட்டும் என்பதையும் குறித்துவையுங்கள்.

படி 4: திசையை அளத்தல்

ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு எண்கள் வேண்டும். தளத்தின்மேல் தண்ணீர் ஊற்றினால் அது ஓடும் திசை சாய்வுத்திசை. கிடைமட்டத்திலிருந்து அது எவ்வளவு இறங்குகிறது என்பது சாய்வுக்கோணம். சாய்வுத்திசையை மூன்று இலக்கத்திலும் கோணத்தை இரண்டு இலக்கத்திலும் எழுதுங்கள்: 135/60. எப்போதும் இலக்கங்களை நிரப்பி எழுதினால் எது திசை, எது கோணம் என்று பிறகு குழம்பாது.

கரடுமுரடான முகத்தில் நோட்டுப்புத்தகத்தை வைத்து அதன்மேல் அளக்கலாம். ஒரே தளத்தில் மூன்று இடங்களில் அளந்து, வேறுபாடு 5 டிகிரிக்கு மேல் போனால் தளம் வளைந்திருக்கிறது என்று பொருள். காந்தவடக்குக்கும் உண்மைவடக்குக்கும் உள்ள அந்த இடத்து வித்தியாசத்தைத் திருத்த மறக்காதீர்கள். காந்தத்தன்மையுள்ள இரும்புக் கனிமமான மேக்னடைட் நிறைந்த பாறையில் திசைகாட்டியே பொய் சொல்லும். முகத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று மறுபடி பாருங்கள், முள் நகர்ந்தால் அந்த இடத்தில் சூரியனையோ வரைபடத்தையோ நம்புவதே மேல். சுத்தியலை இடுப்பில் வைத்துக்கொண்டே அளப்பதும் அடிக்கடி நடக்கும் கூத்து.

படி 5: வளைந்த தடங்கள்

ஆழம் கூடக்கூடப் பாறை உடைவதற்குப் பதிலாக வழிந்தோடத் தொடங்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மேலிருக்கும் சுமையால் அழுத்தம் சுமார் 26 முதல் 27 மெகாபாஸ்கல் கூடும், கண்டங்களில் வெப்பம் பொதுவாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் ஏறும். குவார்ட்ஸ் சுமார் 300 டிகிரியில் இளகி வளையத் தொடங்கும். ஃபெல்ஸ்பார் 450 டிகிரியைத் தாண்டிய பிறகுதான். இந்த இடைவெளி களத்தில் மிகவும் உதவும். குவார்ட்ஸ் நாடாபோல் இழுபட்டு, அதே பாறையில் ஃபெல்ஸ்பார் கீறலோடு உடைந்து நின்றால், அது நகர்ந்தபோது வெப்பம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்திருக்கிறது. வெப்பமானி இல்லாமலே இவ்வளவு சொல்ல முடிகிறது.

நேரம்தான் இங்கே பெரிய பங்காளி. ஆழத்தில் பாறை வினாடிக்கு நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற வேகத்தில் வடிவம் மாறுவது சாதாரணம். அதே வேகம் பத்து லட்சம் ஆண்டு நீடித்தால் மொத்தத் திரிபு (வடிவ மாற்றத்தின் அளவு) 30 சதவீதத்தை எட்டிவிடும்.

மடிப்புகளில் படிவு அடுக்கையும், அதைக் குறுக்கே வெட்டும் ஸ்லேட் பிளவையும் (அழுந்திய களிப்பாறை மெல்லிய பலகைகளாகப் பிரியும் தளம்) தனித்தனியாக அளங்கள். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து, பிளவு அடுக்கைவிடச் செங்குத்தாக இருந்தால் அடுக்கு நேராகவே இருக்கிறது. அடுக்கு பிளவைவிடச் செங்குத்தாக இருந்தால் அது தலைகீழாகப் புரண்டிருக்கிறது. ஒரே முறை மடிந்த நிலத்துக்குத்தான் இந்த விதி பொருந்தும். இரண்டாம் மடிப்பு வந்த இடத்தில் இதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

நழுவல் பட்டைகளில் மைலோனைட் கிடைக்கும். நுண்மணியாக, கோடுகோடாக, கெட்டியாக இருக்கும். 1885-ல் சார்லஸ் லாப்வொர்த் ஸ்காட்லாந்தில் இதை விவரித்தபோது அரைபட்ட தூள் என்றே கருதினார். மணிகள் சிறுத்தது பெரும்பாலும் உடைந்ததால் அல்ல, வளைந்த படிகங்கள் மீண்டும் மீண்டும் புதிதாகப் படிகமானதால் என்பது பின்னால் தெரியவந்தது. உண்மையில் உடைந்து அரைபட்ட பாறை மேல்மட்டத்தில் உருவாகும். அதில் கோணல் துண்டுகளும் களிமண் பசையும் இருக்கும், தண்ணீரில் பெரும்பாலும் கரையும்.

மைலோனைட்டில் உருண்டை ஃபெல்ஸ்பார் மணிகளின் இருபுறமும் வால் நீண்டிருக்கும். அந்த வால்கள் மேலும் கீழுமாக மாறி நின்றால் எந்தப் பக்கம் நழுவியது என்று சொல்லலாம். ஆனால் அதைப் பார்க்கச் சரியான முகம் வேண்டும்: தகடமைப்புக்கு, அதாவது கனிமங்கள் தகடுதகடாகப் படுத்திருக்கும் தளத்துக்கு, செங்குத்தாகவும், கனிமங்கள் இழுபட்டு நீண்ட நீட்டல் கோடுகளுக்கு இணையாகவும் உள்ள முகம். தவறான முகத்தில் பார்த்தால் எல்லா மணிகளும் சமச்சீராகத்தான் தெரியும்.

உருளைக்கல் அடங்கிய பாறை தட்டையானால் குறைந்தது முப்பது கற்களின் நீள, குறுக்கு அச்சுகளை அளந்து விகிதம் எடுங்கள். கற்கள் முதலிலேயே முழு உருண்டையாக இருந்திருக்காது என்பதால் இந்த விகிதம் திரிபைச் சற்றுக் கூட்டியே காட்டும்.

படி 6: கனிமங்களிலிருந்து வெப்பமும் அழுத்தமும்

இதுவே வழிகாட்டியின் மையம். உருமாற்றம் சுமார் 200 டிகிரியில் தொடங்கி, ஈரமான பாறை உருகத் தொடங்கும் 650 டிகிரியைத் தாண்டி, வறண்ட பாறைகளில் 850 டிகிரிக்கு மேலும் போகும். உருகும் பகுதி தவிர மற்றதெல்லாம் திடநிலையிலேயே நடக்கிறது.

களிப்பாறையை எடுத்துக்கொள்வோம். வெப்பம் ஏற ஏற அது ஸ்லேட், பில்லைட், சிஸ்ட், நைஸ் என்று மாறும். ஸ்லேட்டில் மணி கண்ணுக்குத் தெரியாது, தட்டினால் மணியோசை வரும். பில்லைட் பட்டுப்போல் மினுங்கும். சிஸ்டில் மைக்காத் தகடுகள் தனித்தனியாகத் தெரியும். நைஸில் வெளிர், கருமைப் பட்டைகள் பிரியும். மணி பெருத்த இந்தத் தோற்றத்தை மட்டும் வைத்து வெப்பத்தைச் சொல்வது சுலபம், துல்லியம் குறைவு. துல்லியம் வேண்டுமென்றால் அடையாளக் கனிமங்களைத் தேட வேண்டும்.

1893 முதல் புவியியலாளர் ஜார்ஜ் பாரோ ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் களிப்பாறைகளை நடந்து நடந்து வரைந்து, கனிமங்கள் ஒரு வரிசையில் தோன்றுவதைக் கண்டார். இன்று நாம் பயன்படுத்தும் வரிசை: குளோரைட், பயோடைட், கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், சில்லிமனைட். பயோடைட் சுமார் 400 டிகிரியை ஒட்டித் தோன்றும், கார்னெட் 500-ஐ ஒட்டி, ஸ்டாரோலைட் 550-ஐ ஒட்டி. இவை களிப்பாறைக்கு மட்டுமே செல்லும். மணற்பாறை குவார்ட்சைட்டாகவும் தூய சுண்ணாம்புப் பாறை பளிங்காகவும் மாறியபின் எத்தனை டிகிரி போனாலும் அதே கனிமம்தான். அவற்றில் கார்னெட்டைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அழுத்தத்துக்கு ஆண்டலூசைட், கயனைட், சில்லிமனைட் என்ற மூவரைக் கேளுங்கள். மூன்றின் வேதிக்கூறும் ஒன்றே, படிக அமைப்பு மட்டும் வேறு. கயனைட் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டது, அடர்த்தி சுமார் 3.6. எனவே அது அழுத்தத்தை விரும்பும். ஆண்டலூசைட்டின் அடர்த்தி சுமார் 3.15, அது ஆழம் குறைந்த இடத்துக்குரியது. சில்லிமனைட் அதிக வெப்பத்துக்குரியது. மூன்றும் சேர்ந்து நிலைக்கும் புள்ளி சுமார் 500 டிகிரி, 380 மெகாபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 14 கிலோமீட்டர் ஆழம். ஆண்டலூசைட் கிடைத்தால் அதைவிட மேலே உருவானது என்று துணிந்து எழுதலாம்.

கையில் பிரித்தறிவது இப்படி. கயனைட் நீலமான தட்டைப் பட்டயம். எஃகுக் கத்தியால் நீளவாக்கில் கீறினால் கோடு விழும், குறுக்கே கீறினால் விழாது. வேறு எந்தப் பொதுவான கனிமமும் இவ்வளவு தெளிவாக இப்படி நடந்துகொள்வதில்லை. ஆண்டலூசைட் சதுரக் குறுக்குவெட்டுள்ள தடித்த கம்பி, சிலவற்றில் நடுவே கருஞ்சிலுவை இருக்கும். சில்லிமனைட் வெண்ணிற நார்க்கற்றையாக வரும், லென்ஸ் இல்லாமல் தவறவிடுவீர்கள். ஸ்டாரோலைட் பழுப்புநிறம், இரட்டைப் படிகமாகச் சிலுவை வடிவில் வளர்வதுண்டு.

பசால்ட் வேறு வரிசையில் மாறும். பச்சைநிறக் குளோரைட், எபிடோட் கொண்ட பச்சைசிஸ்ட், பிறகு கருநிற ஆம்பிபோலைட், பிறகு பைராக்சின் திரும்பிவரும் கிரானுலைட். குளிர்ந்த கடலடித் தட்டு வேகமாகக் கீழிறங்கும் இடங்களில் வெப்பம் ஏற நேரமில்லாமல் அழுத்தம் மட்டும் ஏறும். அங்கே நீலசிஸ்ட் வரும், இன்னும் ஆழத்தில் சிவப்புக் கார்னெட்டும் பச்சைப் பைராக்சினும் சேர்ந்த எக்லோகைட். 1920-ல் புவியியலாளர் எஸ்கோலா இந்தக் கனிமக் கூட்டங்களையே வெப்ப அழுத்த முத்திரைகளாகத் தொகுத்தார். பசால்ட்டின் அடர்த்தி சுமார் 3.0, எக்லோகைட்டின் அடர்த்தி சுமார் 3.5. கையில் எடுத்தாலே கனம் தெரியும்.

குழம்பு ஊடுருவிய இடத்தைச் சுற்றி உருமாறிய ஹார்ன்ஃபெல்ஸில் தகடமைப்பு இருக்காது, ஏனென்றால் அங்கே வெப்பம் உண்டு, ஒருபக்க விசை இல்லை. சுத்தியலுக்கு இரும்புபோல் எதிர்த்து நிற்கும், உடையும்போது கூரான சில்லாகத் தெறிக்கும். கண்ணாடிக் கவசத்தை மறந்தால் இங்கேதான் வருந்துவீர்கள்.

ஒரு கேள்வி எல்லோருக்கும் எழும். வெப்பம் ஏறும்போது மாறிய கனிமங்கள் வெப்பம் இறங்கும்போது ஏன் திரும்பிப் பழையபடி ஆவதில்லை? வெப்பம் ஏறும்போது களிமண்ணும் குளோரைட்டும் தங்கள் தண்ணீரை விட்டுவிடுகின்றன, அது மேலே தப்பிவிடுகிறது. திரும்பும் வினைக்கு அதே தண்ணீர் வேண்டும். வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே வந்த இடங்களில் மட்டும் கார்னெட்டின் விளிம்பு பச்சைக் குளோரைட்டாக மாறியிருக்கும். இதைச் சிதைவு என்று தள்ளிவிடாதீர்கள். சிதைவில் வருவது துருவும் களிமண்ணும், குளோரைட்டாக மாற 200, 300 டிகிரி வேண்டும்.

கார்னெட் உள்ளே எதையாவது பூட்டி வைத்திருந்தால் அதுவும் பேசும். மேற்கு ஆல்ப்ஸின் டோரா மைரா பகுதியில் கார்னெட்டுக்குள் குவார்ட்ஸின் உயரழுத்த வடிவமான கோசைட் இருப்பதை 1984-ல் கிறிஸ்டியன் சோப்பின் வெளியிட்டார். அதைச் சுற்றிக் கார்னெட்டில் கதிர்போல் வெடிப்புகள் விரிந்திருந்தன. மேலே ஏறும்போது கோசைட் குவார்ட்ஸாகிப் பெருத்து, கார்னெட்டைப் பிளந்ததன் தடம் அது. கோசைட் உருவாகச் சுமார் 90 கிலோமீட்டர் ஆழத்தின் அழுத்தம் வேண்டும். கண்டப் பாறை அவ்வளவு கீழே போய்த் திரும்பிவர முடியும் என்று அதற்குமுன் பெரும்பாலோர் நினைக்கவில்லை.

படி 7: மூலப்பாறை

பளிங்கும் குவார்ட்சைட்டும் வெண்மையாக ஒன்றுபோல் இருக்கும். கத்தி கீறினால் பளிங்கு, கீறாவிட்டால் குவார்ட்சைட். அமிலத்தில் உடனே நுரைத்தால் கால்சைட் பளிங்கு, தூளாக்கினால்தான் நுரைக்கும் என்றால் டோலமைட். மணற்பாறை உடையும்போது மணிகளைச் சுற்றி உடையும், குவார்ட்சைட் மணிகளின் ஊடே உடையும்.

கடினம் நைஸ்தான். சேற்றிலிருந்தும் வரலாம், கிரானைட்டிலிருந்தும் வரலாம். ஒரு துண்டை வைத்து முடிவு செய்ய முடியாது, பாறைமுகத்தில் நூறு மீட்டராவது நடங்கள். கார்னெட்டும் சில்லிமனைட்டும் மிகுந்து, இடையிடையே பளிங்கு அல்லது குவார்ட்சைட் பட்டைகள் வந்தால் மூலம் படிவுப்பாறை. நீண்டதூரம் ஒரே சீராக, பெரிய பொட்டாஷ் ஃபெல்ஸ்பார்களோடும் வேற்றுப்பாறைத் துண்டுகளோடும் இருந்தால் மூலம் கிரானைட்.

ஒரு துண்டை முழுதாகப் படித்துப் பார்ப்போம்

வெளிமுகம் பழுப்பு, நான்கு மில்லிமீட்டர் சிதைவுத்தோல், வரிசையாகத் துருக்குழிகள். உடைத்தால் வெள்ளிநிற மைக்காத் தகடுகள், ஐந்து மில்லிமீட்டர் சிவப்புக் கார்னெட்கள். ஒரு தட்டையான வெடிப்பு தகடமைப்பைக் குறுக்கே வெட்டுகிறது, அதன் முகத்தில் பச்சைக் குளோரைட் பூச்சு. வெடிப்பை ஒட்டிய கார்னெட்களின் விளிம்பு பச்சை, தள்ளி இருப்பவை முழுச் சிவப்பு. மைக்கா கார்னெட்டைச் சுற்றி வளைந்து போகிறது. கத்தியால் கீறும்போது ஒரு நீலப் பட்டயத்தில் நீளவாக்கில் மட்டும் கோடு விழுகிறது.

பின்னாலிருந்து படித்தால்: தோலும் துருவும் நேற்றைய மழையின் வேலை. தரம் II என்று எழுதலாம். வெடிப்பு உருமாற்றத்துக்குப் பிந்தியது, ஆனால் தண்ணீர் அதன் வழியே வந்தபோது பாறை இன்னும் சில நூறு டிகிரி சூட்டில் இருந்தது. மைக்கா கார்னெட்டைச் சுற்றி வளைவதால் கார்னெட் வளர்ந்த பிறகும் பாறை அமுக்கப்பட்டிருக்கிறது. கார்னெட்டோடு கயனைட்டும் இருப்பதால் உச்சவெப்பம் 550 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்திருக்க வேண்டும். அவ்வளவு வெப்பத்தில் கயனைட் நிலைத்திருப்பதால் ஆழமும் 14 கிலோமீட்டரைத் தாண்டியது. மைக்காவும் அலுமினியக் கனிமமும் இவ்வளவு இருப்பதால் மூலம் களிமண் சேறு.

துண்டைப் பையில் போடும் முன், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று அம்புக்குறி இட்டு, தகடமைப்பின் சாய்வுத்திசையையும் கோணத்தையும் கல்லின்மேலேயே அழியாத மையால் எழுதுங்கள். நுண்ணோக்கியில் பார்க்க மெல்லிய வெட்டு எடுக்க ஆய்வகத்துக்கு அனுப்பினால் தகடமைப்புக்குச் செங்குத்தாக, நீட்டல் கோட்டுக்கு இணையாக வெட்டும்படி கோடு போட்டுக் கொடுங்கள். கோடு போடாமல் அனுப்பிய கல்லை எந்த முகம் வசதியோ அந்த முகத்தில்தான் அறுப்பார்கள்.